எச்சில் மெட்டு

வெள்ளாங்கரையில் சாளை மீன் மலிந்து கிடந்த ஒரு வருஷம், பிரகாசி இன்னும் போடாத மெட்டுகள் ஊர் வாயில் வரத் தொடங்கின. காலையில் ஊர் முணுமுணுக்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஐஸ் கம்பெனி மாடியில் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து உட்காரும் பிரகாசியின் விரலுக்கு அதே மெட்டு வந்து சேரும், முதலில் இடி இடித்து அப்புறம் மின்னுகிற மாதிரி. ஏன் அப்படி என்று கேட்டவர்கள் குறைவு. கடல் ஒரு வருஷம் மீனைத் தரும், மறுவருஷம் வலை நிறைய அரிக்கும் சொறிமுட்டையைத் தரும், அதற்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது என்று நினைக்கிற ஊர் அது.

பிரகாசிக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் புதுப் படகு இறக்குவதற்கும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் அந்த ஊரில் மெட்டுப் போட அவளை விட்டால் ஆள் கிடையாது. கீழே அவள் புருஷன் கஸ்பார் ஐஸ் பாரை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்க, மேலே அவள் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். மெட்டு ஒன்று திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் வேறெங்கோ சறுக்கி, அந்தச் சறுக்கலே அழகாகி நிற்கிற நொடியில், இது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளுக்குள் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்துக்காகத்தான் அவள் மெட்டுப் போட்டாள். பிறகு தரையைத் தட்டுவாள். கஸ்பார் ஈரக்கையோடு மாடியேறி வந்து, நின்றபடியே கேட்டு, "நல்லா இருக்கு" என்பான். எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்வான், ஆனால் சில மெட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டு உடனே இறங்கிப் போகமாட்டான்.

முதல் மெட்டு ரெஜினாள் வாயில் வந்தது. ரெஜினாள் சந்தையில் மீன் அரிந்து கொடுக்கிறவள், பிரகாசியை விட மூத்தவள், வாயில் எந்நேரமும் வெற்றிலை. ஒரு காலையில் அவள் சாளையின் குடலைப் பெருவிரலால் வழித்துப்போட்டபடி எதையோ முணுமுணுத்தாள். நல்லா இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பிரகாசி மீனை வாங்கி வந்தாள். மத்தியானம் மாதா திருவிழாப் பாட்டுக்கு உட்கார்ந்தவள் வெகுநேரம் மல்லுக்கட்டி, அழித்து, திருப்பி, கடைசியில் சறுக்கி விழுந்து எழுந்து பார்த்தால், கையில் இருந்தது ரெஜினாள் பாடியது. தாளம் பிசகாமல் அதுவேதான். ரெஜினாள் வெற்றிலைச் சாற்றைத் துப்புவதற்காக நிறுத்திய இடத்தில்கூட ஒரு நிறுத்தம் இருந்தது.

கேட்டது காதில் ஒட்டிக்கொண்டது என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் சந்தைக்குப் போனாள். ரெஜினாள் வேறொன்றை முணுமுணுத்தாள். பக்கத்தில் இறால் தோல் உரித்த பெண்களும், ஐஸ் வண்டி தள்ளியவர்களும், ஏலம் கூவுகிறவனும் மூச்சு வாங்கும் இடைவெளியில் அதையேதான் முணுமுணுத்தார்கள். முதல் அடியைக் கேட்டதுமே பிரகாசி காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். இது மட்டும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்து, விரல் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் இந்தப் பக்கம் இழுத்து, ஏறவேண்டிய இடத்தில் இறங்கி, அழவேண்டிய இடத்தில் சிரித்து, பொழுது சாய்வதற்குள் முற்றிலும் வேறான ஒன்றைப் போட்டு முடித்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் அதைப் பாடிக்கொண்டே சந்தைக்குப் போய் நின்றாள்.

"ஆமா, இதுதான்," என்றாள் ரெஜினாள், அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டே.

"எது அக்கா? காலையில நீ பாடினது வேறல்லா?"

"நீ முத அடியைக் கேட்டுட்டு ஓடிட்டே. அதுக்கப்புறம் எனக்கு அது பிடிக்காமப் போச்சு. ச்சீன்னு துப்பிட்டு இதைப் பாடினேன். எல்லாரும்தான் பாடினோம். கேட்டுப் பாரு." அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "நீ பாவம், இதுக்கா மத்தியானம் பூரா கஷ்டப்பட்டே?"

பிரகாசிக்கு முதன்முதலாகக் குமட்டியது அப்போதுதான்.

ஊர் முதலில் அவளைத் திருடி என்றது. எங்கள் வாயில் கிடந்ததை எடுத்துக் கோயிலில் தன் பேரில் பாடுகிறாள் என்றார்கள். பிறகு, எடுக்கிறவள் வருமுன்னே எங்கள் வாயில் வந்ததென்றால் நாங்கள்தானே பெரிய ஆட்கள் என்று பெருமைப்பட்டார்கள். அப்புறம் பெருமையும் பழகி, அது வெயில், காற்று மாதிரி ஊரின் வசதிகளில் ஒன்றாகிவிட்டது. காலை மெட்டு கிணுகிணுவென்று இருந்தால் வலை கனக்கும் என்று நம்பி அதிகப்படி ஐஸ் ஏற்றினார்கள். இழுத்துக்கொண்டு போனால் படகைக் கரையில் விட்டுவிட்டுச் சீட்டாடினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மெட்டு நல்லதாக வரும் நாளுக்குக் காத்திருந்தார்கள். பச்சைக் குழந்தைகள்கூடப் பால் கக்கிக்கொண்டே அதே தாளத்தில் விக்கின. யாரும் எதையும் கேட்கவேண்டிய அவசியமில்லாமல் போனதில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். தெரியாத பாட்டைக் கேட்பது தெரியாத வீட்டுக்குள் போவது மாதிரி, செருப்பை எங்கே விடுவது, எங்கே உட்காருவது என்று ஒரு பதற்றம் இருக்கும். அந்தப் பதற்றம் வெள்ளாங்கரையில் தீர்ந்துபோயிற்று.

பிரகாசி மட்டும் வாய்களைப் பார்க்கத் தொடங்கினாள். இதற்குமுன் அவள் மனிதர்களின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவாள். இப்போது உதட்டோரம் காய்ந்த எச்சிலும், பல்லிடுக்கில் சிக்கிய மீன் நாரும், காவியேறிய ஈறும்தான் கண்ணில் பட்டன. நான் இன்னும் பெறாத பிள்ளை இத்தனை வாயில் அரைபட்டு, சப்பி, உமிழ்ந்த பிறகு என் மடிக்கு வருகிறது என்று தோன்றியதும் சோறு இறங்கவில்லை. தட்டிலிருப்பது யாரோ தின்றுவிட்டு வைத்ததுபோல் இருந்தது. தண்ணீர்ச் செம்பை வாயில் வைக்காமல் தூக்கி ஊற்றிக் குடித்தாள்.

கஸ்பாரும் முணுமுணுத்தான். ரம்பத்தை இழுக்கும்போது, பல் விளக்கும்போது, அவனை அறியாமல். "உங்க வாயிலயுமா?" என்று அவள் கேட்டாள். அவன் குற்றம் செய்தவனைப்போல் நின்றான். மறுநாளிலிருந்து விடிந்ததும் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். சம்சாரம் வாயைக் கட்டிப்போட்டுட்டா என்று ஐஸ் கம்பெனியில் கேலி செய்தார்கள், அவன் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ரம்பம் ஐஸில் போகிற போக்கிலேயே மெட்டு கேட்டது. பிரகாசி மாடியில் நின்று கேட்டாள். துண்டுக்கு மேலே தெரிந்த அவன் கண்களையும் பார்த்தாள். உள்ளே போனாள்.

திருவிழாவன்று அவள் பாடற்குழுவோடு பீடத்தின் பக்கம் நின்றாள். ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. பாட்டு தொடங்கியதும் ஊரின் உதடுகளும் அசைந்தன. ஒவ்வொரு சுரமும் அவள் வாயிலிருந்து புறப்படுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னாலேயே அந்த வாய்கள் அதன் வடிவத்துக்குக் குவிந்து தயாராக இருந்தன, தீவனத்துக்குத் திறந்த வாய்கள் மாதிரி. முகங்களில் வயிறு நிறைந்தவர்களின் மந்தமான திருப்தி. யாரும் எங்கேயும் திடுக்கிடவில்லை. அவள் உயிரைக் கொடுத்துப் போட்ட சறுக்கல் வந்தபோது, "ம்" என்று தலையாட்டினார்கள். அவள் பாட்டு முடியுமுன்னே கோயிலின் பின்பக்கம் போய், தென்னைமூட்டில் கையூன்றி வாந்தியெடுத்தாள்.

பூசை முடிந்து சாமி வந்து விசாரித்தார், அவளும் சொன்னாள். பங்குக்கு வந்து கொஞ்ச காலமே ஆன இளவயதுச் சாமியார், படித்தவர், நல்லவர்.

"தெரிஞ்ச பாட்டைக் கேக்குறதுதான் பிரகாசி ஜனங்களுக்குச் சுகம். இதுல என்ன அருவருப்பு?"

"அப்ப நான் எதுக்கு சாமி? அவங்களே பாடிக்கிடலாம்லா?"

"அப்படிச் சொல்லக்கூடாது. நீங்க என்ன செய்யப்போறீங்கன்னு கடவுளுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் செய்யுறது நீங்கதான். தெரிஞ்சிருக்கறது வேற, செய்ய வைக்கறது வேற."

"கடவுளுக்குத் தெரிஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல சாமி," என்றாள் பிரகாசி. "ரெஜினாளுக்குல்லா தெரியுது."

சாமியின் உதட்டோரத்திலும் நாளைய மெட்டு லேசாக அசைவதைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அந்த மெட்டையும் போட்டு முடித்த கையோடு பெட்டியைச் சேலையில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். இனி மெட்டே கிடையாது. அடுத்த காலையில் ஊர் ஊமையாக எழுந்தது. சந்தையில் கத்தியின் சத்தமும் காக்கையின் சத்தமும்தான். ஊருக்கு வாய் நமநமத்தது. புகையிலையை விட்டவர்கள்போல் எல்லோரும் எரிந்து விழுந்தார்கள். பிள்ளைகள் காரணமில்லாமல் அடி வாங்கின. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ரெஜினாள் தலைமையில் பெண்கள் மாடியேறி வந்தார்கள்.

"ஏதாவது போடுட்டி. வாய் செத்துக் கிடக்கு."

"மாட்டேன்கா."

"மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரியும். இன்னைக்கு வாயில ஒண்ணும் வரல்லியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. கேக்காமப் போனா நல்லா இருக்காதேன்னு வந்தோம்."

அவர்கள் இறங்கிப் போனதும் பிரகாசி பரணுக்குக் கீழே வந்து நின்றாள். போட்டாலும் முன்னமே தெரியும், போடாவிட்டாலும் முன்னமே தெரியும். வெறுப்பும் சலிப்புமாகப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். அதற்கு மறுநாள் காலையில்தான் சாவு மெட்டு வந்தது.

அது சாவு மெட்டு என்று முதலில் சொன்னது ரெஜினாள். கீழேயே இறங்கி இறங்கிப் போய், எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே படுத்துக்கொள்ளும் மெட்டு. மீன் அரிந்துகொண்டே, பல் குத்திக்கொண்டே, சிரித்துப் பேசிக்கொண்டே ஊர் அதை முணுமுணுத்தது. பிரகாசி கீழே ஓடினாள். கஸ்பார் துண்டு கட்டிய வாயோடு ஐஸ் அறுத்துக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ரம்பத்தைப் பிடுங்கி எறிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல பிரகாசி," என்றான் அவன் துண்டுக்குள்ளிருந்து.

ஊர் அவளைவிட வேகமாக யோசித்திருந்தது. பாட்டு வந்துவிட்டது, பிணம் எங்கே? கூடிப் பேசி, இஞ்ஞாசி வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை என்று முடிவு கட்டினார்கள். இஞ்ஞாசி ஒரு காலத்தில் படகோட்டி. பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்து வருஷங்களாகி, எல்லோரையும் வைதுகொண்டு கிடந்த கிழவர். சோற்று நேரத்துக்குள் அவர் வாசலில் கீற்றுப் பந்தல் எழும்பியது. அவருடைய மருமகள் மெட்டில்டா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். கிழவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிவரச் சொன்ன நண்டு, அடுப்படியில் கூடைக்குள் உயிரோடு கீறிக்கொண்டிருந்தது. "போகப் போறவருக்கு நண்டு எதுக்கு, சீரணம் ஆகாது," என்று அவள் கஞ்சியைக் கொடுத்திருந்தாள்.

பிரகாசியின் ஆர்மோனியப் பெட்டியை அவளைக் கேட்காமலே ஐஸ் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். வண்டியின் பின்னால் அவளும் கஸ்பாரும் வந்தார்கள். உள்ளே கிழவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் செபமாலையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். சுற்றிலும் நின்று ஊர் மென்மையாக, மரியாதையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சிலருக்கு ஏற்கனவே மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. முந்தானையில் சிந்திவிட்டு, மறுபடி முணுமுணுத்தார்கள்.

கிழவர் அவளைக் கண்டதும் நல்ல கையால் கிட்டே வரச் சொன்னார். வைகிற வாய் அன்று குழைந்திருந்தது.

"ஏம்மா, நீ பாடி முடிச்சதும் நான் போயிரணுமா?"

"யாரு பாட்டையா சொன்னா?"

"ஊரே வந்திருக்குல்லா. பந்தல்லாம் போட்டாச்சு. இவ்வளவு பேர் வேலையை விட்டுட்டு வந்து நிக்குறாவ. இனிமே சாகலேன்னா நல்லாவா இருக்கும்?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சீக்கிரம் பாடிரு. முதுகு வலிக்கு."

பிரகாசி நிமிர்ந்து அந்த வாய்களைப் பார்த்தாள். அவற்றில் ஒரு பொல்லாப்பும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எல்லாம் குவிந்து, ஈரமாக, அழுவதற்குச் சுகமாகத் தயாராக இருந்தன. பாடமாட்டேன் என்று எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். போனால், போவாள் என்று தெரியும் என்பார்கள். பாடிய பிறகு இந்த மனிதர் மரியாதைக்காகவே மூச்சை விட்டுவிடுவார். பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். விரலை வைத்ததுமே மெட்டு வந்துவிட்டது, காத்திருந்த நாய் மாதிரி. அவள் இழுத்துப் பார்க்கவில்லை, மாற்றிப் பார்க்கவில்லை, இனி அதில் பிரயோசனமில்லை. அது தன் பாட்டுக்கு இறங்கி இறங்கிப் போயிற்று. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை மாதமாக இந்த வாய்கள் முணுமுணுக்கத்தான் செய்தன. ஒரு சொல் அவற்றில் வந்ததில்லை. இது சாவு மெட்டு என்று அந்த மெட்டு எங்கேயும் சொல்லவில்லை. சொன்னது ரெஜினாள். கேட்ட காது ஒப்புக்கொண்டது. என் காதும்தான்.

அடுப்படியில் கூடை கீறும் சத்தம் கேட்டது. பிரகாசி வாயைத் திறந்தாள்.

"நண்டு வந்தது, நண்டு வந்தது,
பத்துக் காலும் பதறி வந்தது,
இஞ்ஞாசி சட்டிக்கு ஏங்கி வந்தது,
மெட்டில்டா அரைத்த மிளகாய் போதாது..."

மெட்டு இம்மி பிசகவில்லை. காலையில் ஊர் முணுமுணுத்த அதே இறக்கம், அதே கனம், கடைசியில் அதே படுக்கை. ஊரும் விடாமல் கூடவே முணுமுணுத்தது, வாய்கள் முன்கூட்டியே குவிந்தன, கண்ணீர் வரவேண்டிய இடம் வந்தது, அங்கே நண்டு வந்து நின்றது. அழத் தொடங்கிவிட்ட சிலர் அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறினார்கள். ரெஜினாளுக்கு வெற்றிலை புரையேறியது. படுத்துக்கொள்ளும் அந்தக் கடைசி அடியில், பிரகாசி நண்டைச் சட்டிக்குள் படுக்க வைத்தபோது, கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிழவருக்கு உயிர் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரு பக்கத்து வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கஞ்சி வெள்ளைச் சட்டையில் வடிந்தது.

"ஏ மெட்டில்டா," என்றார், "சட்டியை வையி. மூதேவி, காலையிலேருந்து கேக்கேன்."

ஊர் கலைந்துபோனது. யாரும் பிரகாசியைப் பாராட்டவில்லை. ரெஜினாள் மட்டும் வாசலில் நின்று, உண்மையான மனத்தாங்கலோடு சொன்னாள்: "அழலாம்னு வந்தோம்ட்டி. மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வந்தோம். பாதியில கெடுத்துட்டியே." அவள் கண்ணில் அழாத கண்ணீர் நின்றது. பந்தலைப் பிரித்தவர்கள் முணுமுணுப்பில்லாமல் பிரித்தார்கள். கஸ்பார் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான்.

அதற்குப் பிறகும் காலைகளில் மெட்டு வந்தது. பிரகாசியும் போட்டாள். ஆனால் அது எதற்கான மெட்டு என்று சொல்ல ஊருக்குத் தைரியம் போய்விட்டது. கல்யாணத்துக்கு என்று நினைத்தால் அவள் கருவாட்டைப் பற்றிப் பாடுவாள், கடலுக்கு என்று நினைத்தால் மாமியாரைப் பற்றிப் பாடுவாள். தலையாட்ட வந்தவர்கள் கழுத்தை நடுவில் நிறுத்திக்கொண்டு சந்தேகத்தோடு கேட்டார்கள். ஊருக்கு அது பிடிக்கவில்லை. நிம்மதியைக் கெடுத்தவள் என்று அவளைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கும் அவர்களுடைய வாயைப் பார்க்கப் பிடிக்காமலே இருந்தது. இஞ்ஞாசி நண்டு தின்று, எல்லோரையும் வைது, பலகாலம் உயிரோடு கிடந்து ஊருக்குத் தொந்தரவு கொடுத்தார்.

அவர் செத்தது ஐப்பசி மழையில் ஒரு பகல் நேரத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே. அன்று காலையில் ஊர் எதையும் முணுமுணுத்திருக்கவில்லை. மழைச் சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவுமில்லை. சேதி கேட்டு நனைந்துகொண்டே ஓடிவந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வாயைத் திறந்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. பழக்கத்தில் எல்லோரும் பிரகாசியைப் பார்த்தார்கள்.

"ஏதாவது பாடும்மா," என்றார் சாமி தணிந்த குரலில்.

அவள் கிழவரின் முகத்தைப் பார்த்தாள். தன்னுள் தேடிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலை சாமி."

யார் முதலில் தொடங்கினார்கள் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. மெட்டில்டாவாக இருக்கலாம். நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தொண்டை உடைந்து அலறினாள். அது முடியுமுன்னே ரெஜினாள், வெற்றிலையை விழுங்கிவிட்டு, வேறொரு உச்சியில். கஸ்பார் வாயை மூடிக்கொண்டு மூக்கால் அழுதான், நாய் முனகுவதுபோல, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல். சாமிக்கு விக்கல் வந்தது. ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு தாளம், ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் இடித்துக்கொண்டு நுழைந்து, சளியும் எச்சிலும் மழைத்தண்ணீரும் ஒழுக, ஊர் அழுதது. காதால் கேட்க முடியாத அலங்கோலம். பிரகாசி சுவரில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டாள். அடுத்து யார் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை.